ஓய்வுநாளும் ஓட்டக்களமும்

நுழையும்முன்

கொள்கையைப் பேசுதல் எளிது. அதன்பொருட்டு ஒன்றை இழத்தல் அரிது. கொண்ட கொள்கையை எவ்விடத்தில் இறுகப் பற்றுவது, எவ்விடத்தில் பிறர் நலம் கருதி நெகிழ்த்துவது என்று அறிதல் அதனினும் அரிது. இவ்விரண்டையும் தம் வாழ்வில் செய்து காட்டியவர் ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல். ஒலிம்பிக் களத்தில் தொடங்கிச் சீன நாட்டின் சிறைமுகாம் ஒன்றில் நிறைவுற்ற அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தொடக்கத்தில் நில்லாத வீரர்

1924ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாரிசு நகரின் கொலோம்பு விளையாட்டரங்கில் ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்றுகள் நடைபெற்றன. பிரிட்டன் அணியில் அவ்வோட்டத்திற்குப் பெரிதும் நம்பப்பட்டவர்களுள் ஒருவர் எரிக் லிடெல். ஆயினும் அவர் அன்று களத்திற்கு வரவில்லை. காயமோ நோயோ அதற்குக் காரணமன்று. ஞாயிறு இறைவனுக்குரிய ஓய்வுநாள். அந்நாளில் போட்டியிடுதல் தகாது என்பது அவர் கொண்டிருந்த உறுதி. வாரத்தின் ஒரு நாளை உழைப்பினின்றும் ஆட்டத்தினின்றும் விடுவித்து, வழிபாட்டிற்கு உரியதாக்குதல் அவர் வளர்ந்த ஸ்காட்டியத் திருச்சபை மரபு.

பிறப்பும் கல்வியும்

எரிக் என்றி லிடெல் 1902ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் வடசீனத்தின் டியன்ஜின் நகரில் பிறந்தார். பெற்றோர் சேம்சு லிடெல், மேரி ஆகிய இருவரும் ஸ்காட்லாந்தினர். இலண்டன் சமயப்பணிக் கழகத்தின் சார்பில் சீனத்தில் தொண்டாற்றியவர்கள். சீனத்து மண்ணில் விளையாடித் திரிந்த சிறுவன் ஆறு வயதில் தமையன் இராபர்ட்டுடன் இங்கிலாந்திலுள்ள உறைவிடப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டான். சமயப்பணியாளர்களின் மைந்தர்களுக்கென நடத்தப்பட்ட பள்ளி அது. பெற்றோர் மீண்டும் சீனம் சென்றனர். தாய்தந்தையரை ஆண்டுக்கணக்கில் காணாது வாழ்வது இன்னதென்று எரிக் இளமையிலேயே அறிந்துகொண்டார். பின்னாளில் சிறைமுகாமில், பெற்றோரைப் பிரிந்து வாடிய சிறார்களின் உள்ளத்தை அவர் எளிதில் உணர்ந்தமைக்கு இப்பட்டறிவும் துணை நின்றிருக்கும்.

1920ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலத் தொடங்கினார். அங்கு அவருடைய கால்களின் விரைவு நாடறியப் புலப்பட்டது. ரக்பி ஆட்டத்தில் 1922, 1923ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்து அணிக்காக ஏழு முறை ஆடினார். 1923ஆம் ஆண்டு பிரிட்டன் தடகள வாகைப் போட்டியில் நூறு கெச ஓட்டத்தை 9.7 நொடியில் கடந்து நாட்டின் புதிய சாதனையை நிறுவினார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்து, கைகளை வீசி ஓடும் அவரது பாங்கு, ஓட்டக்கலையின் இலக்கணத்திற்குச் சற்றும் பொருந்தாதது. பயிற்சியாளர்கள் கண்டு வியந்தனர். ஆனால், வெற்றி அவரிடமே வந்து சேர்ந்தது.

அவ்வாண்டு சூலையில் ஸ்டோக் நகரில் 440 கெச ஓட்டம் ஒன்று நடைபெற்றது. புறப்பட்ட சில அடிகளிலேயே மற்றொரு வீரர் மோதியதால் லிடெல் ஓடுதடத்திற்கு வெளியே விழுந்தார். எழுந்தபோது முன்னோடியவர்கள் ஏறத்தாழ இருபது கெச தொலைவு சென்றுவிட்டிருந்தனர். எனினும் அவர் மீண்டும் ஓடினார். ஒவ்வொருவராகக் கடந்து முதலாவதாக எல்லையைத் தொட்டு, அவ்விடத்திலேயே சோர்ந்து வீழ்ந்தார்.

விளையாட்டும் நம்பிக்கையும்

லிடெல் இயல்பில் கூச்சமுடையவர். மேடையில் பேசி அறியாதவர். 1923ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆர்மடேல் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் நடந்த கூட்டமொன்றில் தம் இறைநம்பிக்கையைப் பற்றிப் பேசுமாறு நண்பர்கள் அவரை அழைத்தனர். புகழ்பெற்ற வீரரைக் காண மக்கள் வந்தனர். அவர் முழங்கவில்லை, அண்டை வீட்டாரிடம் உரையாடுவதுபோல், இறைவன் தமக்கு யார் என்பதை எளிய சொற்களால் எடுத்துரைத்தார். அன்றுமுதல் ஓடுகளமும் நற்செய்திக் கூட்டமும் அவர் வாழ்வில் இணைந்தே சென்றன.

களத்திலும் அவரது சமயம் சொல்லாக அன்றிச் செயலாகவே வெளிப்பட்டது. அக்காலத்தில் ஓட்டவீரர்கள் புறப்படும் இடத்தில் காலூன்றத் தாமே சிறு குழிகள் தோண்டிக்கொள்வர். லிடெல் தமது கரணையை உடன் ஓடுவோருக்குக் கொடுத்து உதவுவார். ஓட்டம் தொடங்குமுன் எதிராளிகள் ஒவ்வொருவரிடமும் சென்று கைகுலுக்குவார். வெல்ல விரும்பாதவர் அல்லர் அவர். வெல்ல வேண்டியவர்களைப் பகைவராக எண்ணாதவர்.

நூறு மீட்டரிலிருந்து நானூறு மீட்டருக்கு

பாரிசு ஒலிம்பிக்கின் நிரல் சில மாதங்களுக்கு முன்னரே தெரியவந்தது. நூறு மீட்டர் முதற்சுற்று ஞாயிறன்று நிகழும் என்றறிந்ததும் லிடெல் அவ்வோட்டத்தினின்றும் விலகினார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை வேண்டிய தொடரோட்டங்களையும் துறந்தார். நாட்டின் பெருமையைக் கைவிட்டார் என்று பழித்தோர் உண்டு. அவர் எவரோடும் வாதிடவில்லை. தம்மைப்போலவே பிறரும் விலக வேண்டும் என்றும் கோரவில்லை. எஞ்சிய மாதங்களில் நானூறு மீட்டர் ஓட்டத்திற்குப் பயிற்சி செய்தார். தொடரின் ஞாயிறுகளில் வழிபாட்டில் கலந்துகொண்டதுடன், பாரிசிலிருந்த ஸ்காட்டியத் தேவாலயத்தில் அருளுரையும் ஆற்றினார். நூறு மீட்டரில் அவருடைய நாட்டவரான ஆரல்டு ஆபிரகாம்சு தங்கம் வென்றார்.

இருநூறு மீட்டரில் லிடெல் வெண்கலம் பெற்றார். சூலை 11ஆம் நாள் நானூறு மீட்டர் இறுதி ஓட்டம். அவருக்குக் கிட்டியது ஓடுதடத்தின் வெளிப்புற வரிசை. பின்னால் வருவோர் எவரையும் காண இயலாத இடம். நூறு மீட்டர் ஓடுவதுபோல் தொடக்கத்திலேயே முழு விரைவில் புறப்பட்டார். முற்பாதி விரைவைப் பிற்பாதியில் தாங்கமாட்டார் என்று பார்வையாளர் பலர் கருதினர். அவரோ தளரவில்லை. 47.6 நொடியில் எல்லையைத் தொட்டுப் புதிய ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார்.

சில நாள்களில் நடந்த பட்டமளிப்பு விழாவில் எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்கு இலைமுடி சூட்டியது. மாணவர்கள் அவரைத் தோளில் சுமந்து வீதிவழியே சென்றனர். அப்போது அவருக்கு வயது 22. இன்னும் பல ஆண்டுகள் ஓடிப் புகழும் பொருளும் ஈட்டியிருக்கலாம். அடுத்த ஆண்டே அவர் சீனத்திற்குப் புறப்பட்டார்.

மீண்டும் சீனம்

பிறந்த ஊராகிய டியன்ஜினில் ஆங்கிலோ சீனக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராகப் பணியேற்றார். வகுப்பறையில் வேதியியலும், திடலில் விளையாட்டும், ஞாயிறுகளில் திருமறையும் கற்பித்தார். அந்நகரின் மின்யுவான் விளையாட்டரங்கம் அமைவதற்குத் தம் அறிவுரையை வழங்கினார். விடுப்பில் ஸ்காட்லாந்து சென்றிருந்தபோது, 1932ஆம் ஆண்டில் திருச்சபையின் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1934இல் கனடா நாட்டுச் சமயப்பணியாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஃபுளோரன்சு மெக்கன்சியை மணந்தார்.

1937ஆம் ஆண்டில் சப்பானியப் படையெடுப்பு வடசீனத்தைச் சூழ்ந்தது. அக்காலத்தில் லிடெல் நகர வாழ்வை விட்டு, சியாவோசாங் என்னும் வறண்ட சமவெளிப் பகுதிக்குச் சென்றார். அவருடைய தமையன் இராபர்ட் அங்கு மருத்துவராக இருந்தார். ஒருபுறம் சப்பானியப் படை, மறுபுறம் சீனப் படைகள், இடையில் கொள்ளையர். இவர்களுக்கு நடுவே லிடெல் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று உழவர் குடும்பங்களுக்கு ஆறுதல் கூறினார். காயமுற்றோரை ஏற்றிச் செல்ல வண்டியோட்ட எவரும் துணியாத வேளைகளில், தாமே உடன்சென்று அவர்களை மருத்துவமனை சேர்த்தார்.

போர் முற்றியது. 1941ஆம் ஆண்டில், கருவுற்றிருந்த மனைவியையும் பெண்மக்கள் இருவரையும் கனடாவிற்கு அனுப்பிவைத்தார். தாம் விரைவில் பின்தொடரலாம் என்ற நம்பிக்கை இருந்தது. மூன்றாம் மகள் அங்குப் பிறந்தாள். அம்மகளின் முகத்தை அவர் ஒருபோதும் காணவில்லை.

மதில்களுக்குள் ஓர் ஊர்

1943ஆம் ஆண்டு மார்ச்சில், வடசீனத்திலிருந்த அயல்நாட்டவர் பலர் சாண்டோங் மாகாணத்தின் வெய்சியன் முகாமில் அடைக்கப்பட்டனர். முன்னர்ச் சமயப்பணி வளாகமாக விளங்கிய இடம் அது. வணிகர், ஆசிரியர், துறவியர், இசைக்கலைஞர், முதியோர், சிறுவர் என ஏறத்தாழ 1500 பேர் குறுகிய மதில்களுக்குள் நெருக்கி வைக்கப்பட்டனர். சமையல், கழிவறைத் தூய்மை, நீரிறைத்தல் அனைத்தையும் கைதிகளே பகிர்ந்து செய்தாக வேண்டும். பசியும் நெருக்கமும் கூடிய இடத்தில் உணவுப் பங்கீட்டிற்கும் இருப்பிடத்திற்கும் பூசல் எழுவது இயல்பு. அத்தகைய சூழலில் ஒருவரின் சமயம் நாள்தோறும் சோதிக்கப்படும்.

லிடெல் முதியோருக்கு நீர் சுமந்தார், நோயுற்றோருக்குத் துணைநின்றார். நினைவிலிருந்து பாடங்களை எழுதி மாணவர்க்கு அறிவியல் கற்பித்தார். வளைகோல் பந்தாட்டக் கோல்கள் முறிந்தபோது, துணியைக் கிழித்துக் கட்டிச் சீர்செய்தார். பெற்றோரைப் பிரிந்து உறைவிடப் பள்ளியோடு சிறைப்பட்டிருந்த சிறார் பலர், அவரை எரிக் மாமா என்றே அழைத்தனர். தங்கம் வென்றதைப் பற்றி அவராகப் பேசியதில்லை.

நடுவராக நின்ற ஞாயிறு

முகாமின் விளையாட்டுகளுக்கு லிடெலே பொறுப்பாளர். ஞாயிறன்று ஆட்டங்களை அவர் நடத்துவதில்லை. ஆனால், அந்நாளில் வேறு பொழுதுபோக்கின்றித் தவித்த இளையோர் சிலர் தாமாகவே வளைகோல் பந்தாட்டம் ஆடினர். நடுவர் இல்லாமையால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அவர்களைக் கடிந்துரைக்க அவருக்கு உரிமை இருந்தது. விதியை மீறியதன் பயன் இதுவே என்று சுட்டிக்காட்டி விலகி நிற்கவும் இயன்றிருக்கும்.

அடுத்த ஞாயிறு இளையோர் மீண்டும் கூடியபோது, திடலில் நடுவராக லிடெல் நின்றார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒலிம்பிக் தங்கத்திற்காகவும் ஞாயிறன்று ஓட மறுத்தவர், முகாமின் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாதிருக்க அதே ஞாயிறன்று களம் இறங்கினார். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது முரண்பாடாகத் தோன்றலாம். பாரிசில் விதியைக் காத்ததன் இழப்பு அவர் ஒருவருக்கே உரியது. அதனை அவர் முழுமனத்தோடு ஏற்றார். முகாமிலோ விதியைக் காத்திருந்தால் இழப்பு சிறார்களுடையதாகும். அதனை அவர்கள்மேல் சுமத்த அவர் விரும்பவில்லை. ஓய்வுநாளில் நோயுற்றோரை இயேசு குணப்படுத்தினார் என்று நற்செய்தி நூல்கள் கூறுவதை நாளும் பயின்றவர் அவர். இறைவன்மீது கொண்ட அன்பால் விலகி நின்ற அவரே, மனிதர்மீது கொண்ட அன்பால் முன்வந்து நின்றார்.

இறுதி நாள்கள்

1944ஆம் ஆண்டின் இறுதியில் லிடெலுக்குக் கடும் தலைவலி ஏற்பட்டது, நடை தளர்ந்தது. ஓய்வின்றி உழைத்த சோர்வே காரணம் எனப் பலரும், அவரும்கூட எண்ணினர். 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் மனைவிக்கு ஒரு சிறு மடல் எழுதினார். அன்று மாலையே, தம் 43ஆம் வயதில், முகாம் மருத்துவமனையில் உயிர்நீத்தார். மூளையில் வளர்ந்த கட்டியே நோயின் காரணம் என்பது பின்னரே தெரியவந்தது. ஆறு மாதங்களுக்குள், ஆகஸ்டு 17ஆம் நாள், அமெரிக்க வீரர்கள் வான்குடையில் இறங்கி முகாமை விடுவித்தனர்.

அவரது உடலைத் தாங்கிச் சென்ற வழியில் முகாமின் பள்ளிச் சிறார்கள் அணிவகுத்து நின்றனர். குளிர்காலத்தில் ஒரு மாணவனுக்குத் தம் ஓட்டக் காலணிகளைத் தைத்துச் சீர்செய்து கொடுத்திருந்தார் லிடெல். பகைவருக்காகவும் மன்றாட வேண்டும் என்று அவரிடம் கற்ற அம்மாணவன், போருக்குப்பின் தம்மைச் சிறைவைத்த சப்பான் நாட்டிற்கே சமயப்பணியாளராகச் சென்றான்.

விடுதலை பெற்ற நாட்டில் அவரது கல்லறை நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 1991ஆம் ஆண்டில், எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கொணர்ந்த கருங்கல்லால் அங்கு நினைவுச்சின்னம் எழுப்பியது. பதக்கம் வென்ற நாளை உலகம் நினைவுகூர்கிறது. நடுவராக நின்ற ஞாயிற்றையோ, அன்று அத்திடலில் ஆடிய பிள்ளைகள் தம் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருந்தனர்.

தெரியுமா?

லிடெல், ஆபிரகாம்சு ஆகியோரின் பாரிசு ஒலிம்பிக் வாழ்வைக் கூறும் 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் 1981இல் வெளிவந்தது. சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் பற்றிக் கப்பலேறும் வேளையில்தான் லிடெல் அறிந்ததாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவர் அதனைப் பல மாதங்களுக்கு முன்னரே அறிந்து முடிவெடுத்தார்.

கற்பவை கற்றபின்...

1. லிடெல் 1924இல் எடுத்த முடிவையும் முகாமில் எடுத்த முடிவையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே பண்பின் வெளிப்பாடா என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. விளையாட்டுத் திடலில் எதிரணியினரிடம் நீங்கள் கண்ட பெருந்தன்மையான செயலொன்றை ஒரு பக்க அளவில் எழுதுக.