ஒற்றியூருக்கு நடந்த வள்ளலார்

சென்னை ஏழுகிணறு வீராசாமித் தெரு. அங்கே சபாபதி என்பவர் புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். தம்பியும் படித்துத் தம்மைப்போல் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை.

தம்பி படிக்கவில்லை. பாடிக்கொண்டு திரிந்தான்!

அந்தத் தம்பிதான் இராமலிங்கம். பின்னாளில் வள்ளலார் என்று புகழ் பெற்றவர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார்.

அண்ணனுக்குக் கோபம். அண்ணிதான் மறைவாகச் சோறு போட்டாள் என்பார்கள்.

கடலோர நடை

வாலிபரானதும் திருவொற்றியூர் அவரை இழுத்தது. வீட்டிலிருந்து கோயில் ஏறத்தாழ 8 கிலோ மீட்டர். இடையில் இராயபுரம், தண்டையார்பேட்டை. துறைமுகம் கட்டப்படாத காலம் அது. நடந்தே போவார், நடந்தே வருவார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல ஆண்டுகள்! 1856-ல் இராயபுரத்தில் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது. அதனால் இவருக்கு என்ன பயன்? அது மேற்கே ஆர்க்காட்டுப் பக்கம் அல்லவா போயிற்று!

ஒற்றியூர் சாமானியத் தலம் அல்ல. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். அங்கே ஓர் இளைஞர் புதிதாக என்ன பாடிவிட முடியும்?

அவர் தயங்கவில்லை. பெரியவர்கள் போட்ட பாதையிலேயே பாடினார். வடிவுடையம்மன் மீது வடிவுடை மாணிக்க மாலை பாடினார். மாலை, பதிகம் எல்லாம் பழைய வடிவங்கள். தம் குறையைச் சொல்லி அழுவதும் பழைய வழக்கமே. நெஞ்சை உருக்கும் பாடல்கள்தாம். ஆனாலும் முன்னோர் குரல் அவற்றில் கேட்கிறது.

பாட்டு மாறியது

1858-ல் சென்னையை விட்டார். கருங்குழியில் தங்கினார். பிறகு பாட்டு மெல்ல மெல்ல மாறியது. தமக்காக அழுதவர் பசித்தவர்களுக்காக அழுதார். சாதிச் சண்டையையும் சமயச் சண்டையையும் சாடினார். சொல்லும் எளிதாயிற்று. பெண்கள் கும்மியடிக்கும் மெட்டிலும் பந்தாடும் மெட்டிலும் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கியது. இதுதான் அவருடைய சொந்தக் குரல்.

1867-ல் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நான்கு திருமுறைகளை அச்சிட்டார். திருவருட்பா என்று பெயர் வைத்தவரும் அவரே. அதே ஆண்டு மே 23-ந் தேதி வடலூர் தருமச்சாலையில் அடுப்பு மூட்டப்பட்டது.

நூலைக் கண்டு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சீறினார். தேவாரம், திருவாசகம் போன்றவைதாம் அருட்பா. இவை ஆகா என்றார். விந்தை என்னவென்றால், இத்தனை சண்டையும் பழைய பாணிப் பாடல்களுக்குத்தான்! துணிச்சலான பாடல்கள் இன்னும் அச்சேறவே இல்லை.

1874 ஜனவரி 30-ந் தேதி, மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார் வள்ளலார். அந்தப் பாடல்கள் ஆறாம் திருமுறையாக வெளிவந்தது 1885-ல்.