அடைப்பு நீக்கிய அறிஞர்: சர் ஆர்தர் காட்டன்

மழைக்காலத்தில் நம் திருச்சிராப்பள்ளித் தெருக்களிலும், அரங்கன் உறையும் தீவிலும், பாதாளச் சாக்கடையின் ஆளிறங்கு குழிகள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிதலைக் காண்கின்றோம். கண்டவுடன் வழிந்த இடத்தையே நோக்கி மூக்கைப் பொத்திச் செல்கின்றோமேயன்றி, வழியச் செய்த இடம் யாது என ஆராய்கின்றோமில்லை. நீர் வழியும் இடம் ஒன்று, அந்நோயின் முதல் வேறொன்று என்பதை நம் ஊர் ஆற்றிலேயே செய்து காட்டிய பெரியார் ஒருவர் இருந்தார். அவரே சர் ஆர்தர் காட்டன் துரை. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அடிஸ்கோமில் நடத்திவந்த கல்லூரியில் பயின்று, இளம் பருவத்திலேயே சென்னை இஞ்சினியர் படையில் சேர்ந்து, 1821இல் இந்நாடு போந்தார். 1820களின் இறுதியில் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அக்காலத்துக் காவிரி நோயுற்றிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, திருவரங்கத் தீவை அணைத்துச் செல்கின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் தாழ்ந்தது. அதன் சரிவு மிக்கது. தென்கிளையாகிய காவிரி சரிவு குறைந்தது. ஓட்டம் தளர்ந்த இடத்தில் மணல் படியும். மணல் படிந்த இடத்தில் ஓட்டம் மேலும் தளரும். இங்ஙனம் ஒன்று மற்றொன்றை வளர்க்க, காவிரியின் வாய் தூர்ந்துகொண்டே வந்தது. நீரெல்லாம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு ஓட, தஞ்சை நாட்டு வயல்கள் வாடின. ஆண்டுதோறும் ஆட்களை ஏவி மணலை வாரினர். அடுத்த வெள்ளம் அதனை மீண்டும் கொணர்ந்தது.

காட்டன் துரை வாடிய வயலை நோக்கி நிற்கவில்லை; மணல் நின்ற இடத்தைத் தேடிச் சென்றார். சோழர் கட்டிய கல்லணையில் மணற்போக்கிகள் அமைக்கச் செய்தார். ஆட்கள் கூடையில் சுமந்த மணலை, திறந்த மதகின் வழியே ஆற்று நீரே சுமந்து சென்றது. நீரின் வேகத்தையே கூலியின்றி உழைக்கும் ஆளாகக் கொண்டமை அவர்தம் சிக்கனத்தின் முதற்பாடம்.

இரண்டாவது செயல் முக்கொம்பில் நிகழ்ந்தது. கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே தாழ்ந்த அணை ஒன்று எழுப்பி, காவிரிக்குரிய நீரைக் காவிரிக்கே திருப்பினார். மேலணை எனப்படும் அவ்வணையும், கொள்ளிடத்தில் கீழே அமைந்த கீழணையும் 1836இல் முடிவுற்றன. தளர்ந்த மணலில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையைக் கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றதாக அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார். கற்றவன் கற்பித்தோரை மறவாமை பெருமையன்றோ?

ஆயினும் அவர் செயலில் குறையே இல்லையெனக் கூறோம். மேலணை தன் தொழிலை அளவுக்கு மேல் செய்தது. நீர் மிகுந்து பாய, காவிரியின் படுகை அரிக்கப்பட்டு ஆழமாயிற்று. பின்வந்தோர் 1840களில் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தியும், காவிரியின் தலைப்பில் படுகையைக் காக்கும் தடுப்பு அமைத்தும் அதனைத் திருத்தினர். அணையும் என்றும் நிற்பதன்று: 2018 ஆகஸ்ட் மாத வெள்ளத்தில் மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் இடிந்து வீழ்ந்தன, பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. கட்டிய பின்னும் காத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பின்னர்க் காட்டன் கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையை 1847 முதல் 1852 வரை கட்டுவித்தார். 1861இல் சர் பட்டம் பெற்றார். முதுமையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நட்பைப் பெற்றார். இந்நாட்டில் அடிவைத்தறியாத அவ்வம்மையார், நம் ஊர்களுக்கு நல்ல நீரும் நல்ல வடிகாலும் வேண்டுமெனப் பல்லாண்டு வாதாடியவர். வயலுக்கு நீர் விடுத்தவரும் ஊரின் கழிவை நீக்க முயன்றவரும் நண்பராயினமை இயல்பே. 1899இல், 96ஆம் வயதில், காட்டன் மறைந்தார்.

இனி நம் சாக்கடைக்கு வருவோம். காவிரியின் நோயே அதன் நோயும். குழாயில் நீரோட்டம் நொடிக்கு ஏறத்தாழ 60 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் மணல் படியத் தொடங்கும். அதன்மேல் சமையலறை எண்ணெய் உறைந்து ஒட்டும். துணியும் பிளாஸ்டிக்கும் அதில் சிக்கும். இணைப்புகளின் வழியே மரவேர் புகும். இதன்மேல் மாடி மழைநீரையும் அக்குழாயிலேயே விட்டால் குழி வழியாது வேறென் செய்யும்? பெருங்குழாய் புதைத்தலே மருந்தென்பர் சிலர். அது பெரும்பொருள் வேண்டுவது. சிறுபொருளால் ஆவன பல. வழிந்த குழிகளைப் படத்தில் குறித்து, அடிக்கடி அடைபடும் இடங்களை மழைக்கு முன்பே நீர்ப்பாய்ச்சிக் கழுவலாம். உணவு விடுதிகளில் எண்ணெய் தேங்கும் தொட்டி வைக்கலாம். மழைநீருக்குத் தனிவழி விடலாம். புதுநீர் வருமுன் வாய்க்காலைத் தூர்வாரிய நம் முன்னோரின் குடிமராமத்தும் இதுவேயன்றோ?

இது பணத்தைப் பற்றியது மட்டுமன்று. அடைத்தபின் திறக்க மனிதன் இறங்குகின்றான்; அக்குழியின் நச்சுவாயுவில் மாண்டோர் நம் நாட்டில் பலர். தக்க காப்பின்றி மனிதரை இறக்குதலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. விலக்கிய பின்னும் சாவுகள் நிகழ்ந்தன. நாம் தொட்டியில் கொட்டும் ஒரு கரண்டி எண்ணெய் எங்கோ ஒருவனைக் குழியில் இறக்கக்கூடும். மாணவ நண்பர்களே, முக்கொம்புக்கு உலாச் செல்லும்போது நீரின் அழகை மட்டும் கண்டு மீளாதீர். வழிந்த இடத்தை விட்டு மேலே நடந்து, மணல் நின்ற இடத்தைத் தேடிய அவ்விளைஞரையும் நினைந்து மீள்வீராக.