பரேல் கண்ட விஞ்ஞானி ஹாஃப்கின்

மும்பை மாநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தாருக்கு ஹாஃப்கின் என்னும் பெயர் புதிதன்று. பரேலில் கே.ஈ.எம். மருத்துவமனைக்கும் டாடா மருத்துவமனைக்கும் நோயாளிகளைப் பார்க்கச் செல்லும் நம்மவர், ஆச்சார்ய தோந்தே சாலையில் அப்பெயர் தாங்கிய பெரிய வாயிலைக் கண்டிருப்பர். யாமும் பல்லாண்டுகள் அவ்வழியே அலுவலகம் சென்று வந்தோம். அஃது ஏதோ ஒரு மருந்துக் கம்பெனியின் பெயர் என்றே எண்ணியிருந்தோம். எம் தந்தையார் விட்டுச் சென்ற தபால்தலைத் தொகுப்பில், 1964-ஆம் ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட தலையொன்றில் அவர் உருவத்தைக் கண்ட பின்னரே, இவர் யார் என்று தேடிப் படிக்கலானோம். படித்ததை இம்மலர் வாயிலாகச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

வால்டெமார் ஹாஃப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் ருஷ்ய சாம்ராஜ்யத்தின் துறைமுக நகரமாகிய ஒடெஸ்ஸாவில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஒடெஸ்ஸாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் இலியா மெச்னிகாஃப் ஆவார். உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று புகுந்தால், நம் உடலின் அணுக்கள் ஓடிவந்து அதனைச் சூழ்ந்து விழுங்கும் என்பதை நட்சத்திர மீனின் குஞ்சுகளில் ஒரு முள்ளைச் செருகிக் கண்டறிந்த மேதை அவர். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறித்து இன்று நாம் பேசுவன பலவற்றுக்கும் தொடக்கம் அந்த முள்தான்.

மாணவப் பருவத்திலேயே ஹாஃப்கினுக்குத் துன்பம் சூழ்ந்தது. யூதர்களைத் தாக்க வந்த கும்பலை எதிர்த்து நின்று காயமுற்றார், காவலில் வைக்கப்பட்டார், ஆசிரியரின் தலையீட்டால் விடுதலை பெற்றார். மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் உயர்பதவி கிட்டும் என்ற நிலை இருந்தது. அவர் மாறவில்லை. ஆகவே பொருட்காட்சிச் சாலையில் சிறு பதவியில் காலங்கழித்து, 1888-ல் நாட்டைவிட்டு ஜெனீவா சென்றார். மறு ஆண்டு பாரிஸில் லூயி பாஸ்டர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தை நாடினார். அங்கே அவருக்குக் கிட்டியது நூலகத்தில் ஒரு பதவியே. புத்தகங்களை அடுக்கிவிட்டு, மிஞ்சிய நேரத்தில் ஆய்வு செய்தார். ஓய்வில் வயலின் வாசித்தார். குமாஸ்தா வேலையை இழிவாகக் கருதும் நம் இளைஞர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

அக்காலத்தில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் வாந்திபேதி எனப்படும் காலரா வாட்டிக்கொண்டிருந்தது. ஸ்பெயின் நாட்டு ஃபெர்ரான் 1885-லேயே இதற்கு ஊசி மருந்து முயன்றிருந்தார். எனினும் அறிஞர் உலகம் அதனை ஏற்கவில்லை. ஹாஃப்கின் காலராக் கிருமியைச் சீமைப் பெருச்சாளிகளின் வயிற்றறை வழியே ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி வீறு ஏற்றினார். மற்றொரு வகையை வெப்பத்தாலும் காற்றோட்டத்தாலும் வலுவிழக்கச் செய்தார். முதலில் வலுவிழந்ததையும், சில நாள் கழித்து வீறு கொண்டதையும் குத்துவது அவருடைய முறை. மெலிந்த பகைவனைக் கண்டு போர் பழகிய உடல், வலிய பகைவன் வரும்போது தயாராக நிற்கும் என்பது கருத்து. 1892 ஜூலை 18-ல் அம்மருந்தை முதன்முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, தணிந்தது. பின்னரே நண்பர்களுக்குக் குத்தினார்.

அப்பொழுது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர், முன்னர் இந்தியாவில் வைசிராயாக விளங்கிய டஃப்பரின் பிரபு. அவருடைய தூண்டுதலால் 1893-ல் ஹாஃப்கின் கல்கத்தா வந்து இறங்கினார். முதலில் வடநாட்டிலே ஊர் ஊராகச் சென்று ஊசி குத்தினார். 1894-ல் கல்கத்தா நகரச் சுகாதார அதிகாரி சிம்ப்ஸன் அவரை அழைத்தார். ஏழைகள் குடிசையிட்டு வாழும் பஸ்திகளில், குளிக்கவும் குடிக்கவும் ஒரே குளத்து நீரே பயன்பட்டது. அங்கே சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் என்னும் வங்க மருத்துவர் நால்வர் அவருக்குத் துணை நின்றனர். சனங்கள் அஞ்சியபோது, கூட்டத்தின் முன்னே ஹாஃப்கினும் அம்மருத்துவர்களும் தாங்களே முதலில் குத்திக் காட்டினர். கட்டால்பாகான் என்னும் பஸ்தியில் ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி ஏற்றனர். அதன்பின் அங்கே காலரா கண்டவர்கள் எல்லாரும் ஊசி ஏற்காதவர்களாகவே இருந்தனர். தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் அழைப்பு வந்தது. இரண்டரை ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் குத்திய பின், மலேரியாவால் மெலிந்து 1895-ல் இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் வந்தார்.

இனி நம் மும்பைக்கு வருவோம். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாஸியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டிக் காய்ச்சல் ஏறி, சில நாட்களில் மனிதன் மாண்டான். பல லட்சம் பேர் நகரைவிட்டு ஓடினர். நம் இரயில்கள் அன்று பிதுங்கிச் சென்றன. நிலையங்களிலே பயணிகளை இறக்கி நிறுத்திச் சோதித்தனர். எலி, தெள்ளுப்பூச்சி என்ற தொடர்பு அப்போது யாருக்கும் தெரியாது; 1898-ல் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதனைக் கண்டறிந்தார். இன்றோ, பதினான்காம் நூற்றாண்டில் லண்டனில் அந்நோயால் மாண்டோரின் பற்களிலிருந்து அக்கிருமியின் டி.என்.ஏ.வை எடுத்து 2011-ல் படித்திருக்கின்றனர். இன்று உலகில் காணும் பிளேக் கிருமிகளிற் பெரும்பாலானவை அக்குலத்தின் வழித்தோன்றல்களே என்று அறிகின்றோம்.

1896 அக்டோபரில் பம்பாய் வந்த ஹாஃப்கினுக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தாழ்வாரம் போன்ற ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. உதவிக்கு ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களும் இருந்தனர். இதைப் படித்தபோது எமக்கு ஒரு மகிழ்ச்சி. அந்தக் குமாஸ்தாவின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் உலகின் முதல் பிளேக் ஊசி மருந்துக்கு அவர் பேரேடு எழுதியிருப்பார் அல்லவா?

மருந்து செய்த விதம் சுவையானது. புட்டிகளில் இறைச்சிச் சாற்றை நிரப்பி, அதன் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டார். நம் சமையலறை நெய்தான். அத்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுது விழுதாகக் கீழ்நோக்கி வளர்ந்தன. அவ்வப்போது புட்டியை அசைத்து விழுதுகளை உதிர்த்தால் புதியன தோன்றும். பின்னர்ச் சூடேற்றிக் கிருமிகளைக் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்ப்பார். செத்த கிருமியே ஆயினும் உடல் அதன் அடையாளத்தை அறிந்துகொள்ளும்.

1897 ஜனவரி 10-ல் வழக்கம்போல் முதலில் தமக்கே குத்திக்கொண்டார், அதுவும் பிறருக்குத் தரும் அளவைவிடப் பன்மடங்கு. அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் தோன்றியது. விருப்பம் தெரிவித்த கைதிகளுக்கு, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ஊசி குத்தப்பட்டது. பின்வந்த நாட்களில் குத்தாதவரில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். குத்திக்கொண்டவரில் நோய் கண்டோர் இருவரே, அவர்களும் பிழைத்தனர். இளைஞராயிருந்த ஆகாகான் தாமே முன்வந்து ஊசி ஏற்று, தம் கோஜா சமூகத்தாரையும் ஏற்கச் செய்தார். ஆய்வுக்குத் தம் மாளிகையையும் அளித்தார். அதே 1897-ல் புனாவில் பிளேக் தடுப்பு என்ற பெயரில் வீடு புகுந்து கொடுமை நிகழ்ந்ததும், ராண்ட் துரை சுடப்பட்டதும் நாம் சரித்திரத்தில் படித்தவையே. ஹாஃப்கினோ சனங்களை இணங்கச் செய்வதையே நம்பினார். 1899 ஆகஸ்டு 10-ல் பரேலில் பழைய கவர்னர் மாளிகையில் பிளேக் ஆராய்ச்சி நிலையம் அவர் தலைமையில் திறக்கப்பட்டது. நாம் காணும் வாயில் அதுவே.

இனிக் கூறப்போவதே இவ்வரலாற்றில் எம் மனத்தை வருத்திய பகுதி.

1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி குத்தினர். (இன்று பாகிஸ்தானில் மலக்வால் என்ற பெயரில் அஃது ஓர் இரயில் சந்திப்பாக உள்ளது.) ஐந்து புட்டிகள் திறக்கப்பட்டன. 53-என் என்னும் எண்ணிட்ட ஒரே புட்டியிலிருந்து குத்தப்பெற்ற 19 பேருக்கும் ஒரு வாரம் சென்றதும் டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி கண்டது. தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து, பத்தொன்பது பேரும் மாண்டனர். மற்றப் புட்டிகளால் யாருக்கும் தீங்கில்லை.

விசாரணைக் குழு அமைந்தது. பம்பாய்த் தலைமை நீதிபதி ஜென்கின்ஸ் தலைமை வகித்தார். மருந்தின் தேவை பெருகியதால், கார்பாலிக் சேர்ப்பதை விடுத்து வெப்பத்தால் மட்டும் சுத்தி செய்யும் புது முறையை ஹாஃப்கின் கைக்கொண்டிருந்தார். அது குழுவினர் கண்ணை உறுத்தியது. புட்டி திறப்பதற்கு முன்னரே, பரேலிலேயே, நஞ்சு கலந்திருக்கக்கூடும் என்று முடிவு கட்டினர். ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு, 1904-ல் இந்தியாவை விட்டு நீங்கினார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர், விலங்கியல் கற்றவர். ருஷ்ய நாட்டினர், யூதர். இராணுவ மருத்துவ அதிகாரிகள் பலருக்கு அவர் தலைமையில் பணிபுரிவது முன்பே கசந்திருந்தது. அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய எமக்கு ஒன்று தெரியும்: பத்துக் கை மாறிய சரக்கில் குறை தோன்றினால், எதிர்த்துப் பேச ஆளற்றவன் பெயருக்கு நேரேதான் பேனா முதலில் நிற்கும். எனினும் ஒன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. பத்தொன்பது குடும்பங்கள் அழுதுகொண்டிருக்கையில், புதிய முறையைச் சந்தேகித்தது இயல்பே. தவறு சந்தேகித்ததில் இல்லை. சாட்சியத்தில் கிடந்த வேறொரு செய்தியை எடைபோடாமல் விட்டதில் உள்ளது.

அச்செய்தி இதுதான். முல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறக்கும்போது, உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனைக் கொதிக்க வைக்காமல், கார்பாலிக் நீரில் ஒருமுறை அலசிவிட்டு, அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார். டெட்டனஸ் கிருமி மண்ணில் உறைவது, அலசலுக்கு அஞ்சாதது. மேலும் அக்கிருமி பரேலிலேயே புகுந்து பல நாள் புட்டிக்குள் வளர்ந்திருந்தால், திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும். வீசவில்லை. வளர்ந்து விஷம் ஊறியிருந்தால் நோயும் விரைந்து தோன்றியிருக்கும். ஒரு வாரம் தாழ்த்திராது. கோப்பு லண்டனிலுள்ள லிஸ்டர் நிலையத்துக்கும் சென்றது. எனினும் ஆண்டுகள் ஓடின.

கொசுவால் மலேரியா பரவுவதைச் செகந்திராபாத்தில் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், இதனை அநீதி என்று கருதிப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். 1907 ஜூலை 29-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவரும் சிம்ப்ஸன் முதலிய அறிஞர்களுமாகப் பதின்மர் ஒப்பமிட்ட கடிதம் வெளிவந்தது. அதன்பிறகே அரசினர் பழியை நீக்கி, ஹாஃப்கினை மீண்டும் பணிக்கு அழைத்தனர். ஐந்து ஆண்டுகள்! அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டமையால் பரேலுக்கு அவர் திரும்பவில்லை. கல்கத்தாவில் பதவி தரப்பட்டது. அங்கே ஊசி மருந்து செய்யும் வசதி இல்லை. மனிதருக்கு மருந்து சோதிக்கும் உரிமையும் தரப்படவில்லை. பழி நீங்கியது, பணி திரும்பவில்லை. ஓய்வு வயதுவரை அங்கேயே இருந்துவிட்டு ஐரோப்பா சென்றார்.

1925-ஆம் ஆண்டில் அப்போதைய தலைவர் மாக்கியின் முயற்சியால் பரேல் நிலையத்துக்கு ஹாஃப்கின் பெயர் சூட்டப்பட்டது. அதற்குள் அங்கிருந்து சென்ற பிளேக் ஊசி மருந்து இரண்டரைக் கோடி அளவைக் கடந்திருந்தது. பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் வந்த பின், பிளேக்குக்கு அவ்வூசியின் தேவை குறைந்தது.

ஹாஃப்கின் மணம் செய்துகொள்ளவில்லை. இறுதி ஆண்டுகளில் தம் மத நெறியில் ஆழ்ந்து, சுவிட்சர்லாந்தின் லோஸான் நகரில் தனியே வாழ்ந்தார். சேர்த்த பொருளைக் கிழக்கு ஐரோப்பாவிலுள்ள யூத சமயக் கல்விச் சாலைகளின் ஏழை மாணவருக்கென அறநிதியாக்கினார். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.