ரொனால்டு நாரிஷ்

ஒளியின் வன்மையை ஆராய்ந்த இரசாயன சாஸ்திரிகளுள் நாரிஷ் என்பாரை நாம் மறத்தல் தகாது. அவர் 1897-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிற் பிறந்தார். அந்நகரத்து எமானுவேல் கலாசாலையிற் பயில உதவிச்சம்பளம் பெற்றும், உலக யுத்தம் மூண்டமையால் பீரங்கிப் படையிற் சேர்ந்தார்; 1918-ல் பகைவர் கையில் அகப்பட்டுச் சிறையிருந்தார். 1919-ல் விடுதலையுற்று மீண்டும் மாணவரானார்.

வாயுக்களின் மூலக்கூறுகள் ஒளியை ஏற்றுப் பிளவுறுவதே அவர் ஆராய்ந்த பொருள். அசிடோன் முதலிய கீட்டோன்கள் உடையும் வகைகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. ஆயினும் உடைந்த துண்டுகள் கணத்தில் மறைதலின், அவற்றை நேரிற் காண்டல் அரிதாயிருந்தது.

இக்குறை நீங்க, அவரும் அவர் மாணாக்கர் ஜார்ஜ் போர்ட்டரும் 1949-ஆம் ஆண்டளவில் ஓர் உபாயங் கண்டனர். மின்னல் போன்ற ஒளியொன்று வாயுவிற் பாய்ந்து மூலக்கூறுகளை உடைக்கும்; அளவிட்ட சிறு இடைவெளிக்குப்பின் மற்றோர் ஒளி பாய, துண்டுகளின் நிறமாலை படமாகப் பதியும். இதன்பொருட்டு இருவரும் 1967-ல் மான்பிரெட் ஐகனோடு நோபெல் பரிசு பெற்றனர். நாரிஷ் 1978-ல் காலஞ்சென்றார்.

1960-ல் தோன்றிய லேசர் ஒளி அம்முறையை மேலும் நுட்பமாக்கிற்று. 1987-ல் அகமது ஸிவெயில் குழுவினர், அயோடின் சயனைடு மூலக்கூறு ஒரு விநாடியின் 5 லட்சம் கோடியில் ஏறக்குறைய ஒரு பங்கு நேரத்தில் உடைதலைக் கண்டனர். அங்கும் முதலொளி உடைக்க, இரண்டாமொளி காட்டிற்று.

இளமையின் நல்லாண்டுகளை யுத்தத்தில் இழந்த ஒருவர், கணத்தினும் சிறிய காலத்தைப் பயன்கொள்ளக் கற்பித்தார். காலம் போயிற்றென்று சோர்தல் நமக்கு அழகன்று.