இமாம் புகாரி (ரஹ்) இட்ட தலைப்புகள்

நபிமொழித் தொகுப்பு என்றதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது ஸஹீஹுல் புகாரி. காயல்பட்டினத்தில் ரஜபு மாதம் முழுவதும் புகாரி ஷரீபு ஓதி விளக்கம் சொல்லும் மஜ்லிஸ் நடைபெறுவதை அறிவீர்கள். மத்ரஸாக்களில் ஆலிம் பட்டம் பெறும் மாணவர்கள் கடைசி ஆண்டில் ஓதி முடிப்பதும் அந்நூலே. ஆயினும் அதனைக் கையிலெடுப்போரில் பெரும்பாலோர் நேராக ஹதீஸுக்குத் தாவிவிடுகின்றனர். அதன் மேலே ஓரிரு வரியில் எழுதப்பட்டிருக்கும் தலைப்பின் மீது அவர்களுடைய கண் நிற்பதில்லை. இமாமவர்களின் சொந்தச் சிந்தனையைக் காண வேண்டுமாயின் அந்தத் தலைப்புகளில்தான் காண வேண்டும் என்பது உலமாப் பெருமக்களின் ஒருமித்த கருத்து.

இமாம் முஹம்மது இப்னு இஸ்மாயீல் புகாரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 194, ஷவ்வால் பிறை 13, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் புகாரா நகரில் பிறந்தார்கள். ஆங்கிலக் கணக்கில் அது 810ஆம் ஆண்டு. சிறு பிராயத்திலேயே தந்தையார் மறைந்துவிட, தாயார் வளர்த்தார்கள். பத்து வயதளவில் ஹதீஸ்களை மனனம் செய்யத் தொடங்கினார்கள். பதினாறாம் வயதில் தாயாருடனும் தமையனாருடனும் ஹஜ்ஜுக்குச் சென்று, அவ்விருவரும் ஊர் திரும்பிய பின்னும் கல்விக்காக மக்காவிலேயே தங்கிவிட்டார்கள். பின்னர் மதீனா, பஸரா, கூபா, பக்தாத், சிரியா, எகிப்து என அலைந்த கதை நீளமானது. பக்தாதில் பத்துப் பேர் ஆளுக்குப் பத்து ஹதீஸ்களாக நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களை மாற்றிப் போட்டுச் சோதித்ததையும், இமாமவர்கள் நூறையும் வரிசை பிசகாமல் திருத்திச் சொன்னதையும் பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள்.

ஆறு லட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்து, பதினாறு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய நூலில் திரும்ப வருவனவற்றையும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் ஹதீஸ்கள் உள்ளன. தலைப்புகளோ மூவாயிரத்திற்கும் மேல். மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்திற்கும் மிம்பருக்கும் இடையே அமர்ந்து, ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு ரக்அத் தொழுது அவற்றை எழுதி முடித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். ஹதீஸைத் தேர்ந்தெடுக்கத் தொழுதது நமக்கு எளிதில் விளங்கும். ஒரு வரித் தலைப்புக்கு எதற்காகத் தொழுகை?

ஏனெனில் தலைப்பு என்பது ஒரு வழக்கு. அதன் கீழே வருவது சாட்சி. இந்த நபிமொழி இன்ன கருத்தைத் தருகிறது என்று சொல்வது, பெருமானார் (ஸல்) அவர்களின் பேரால் பொறுப்பேற்பதாகும். வியாபாரக் கணக்கு எழுதுவோருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. பேரேட்டில் ஒரு பற்று எழுதினால் அதற்குரிய ரசீது கோப்பில் இருக்க வேண்டும் அல்லவா?

கல்வி பற்றிய பகுதியில் ஒரு தலைப்பு உண்டு. பேசுவதற்கும் செயல்படுவதற்கும் முன்னர் அறிவு வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கு இமாமவர்கள் முதலாவதாகக் காட்டும் சான்று திருக்குர்ஆனின் 47ஆம் அத்தியாயத்தில் உள்ள ஒரு வசனம். அவ்வசனத்தில் இறைவன் ஒருவனே என்பதை அறிந்துகொள்ளுமாறு கட்டளை முதலில் வருகிறது. பாவமன்னிப்புத் தேடுமாறு கட்டளை அதன் பின்னரே வருகிறது. சொற்கள் நின்ற வரிசையே ஆதாரமாகிவிட்டது! எத்தனையோ முறை ஓதியிருப்போம்; இந்த முன்பின்னை நின்று கவனித்தவர் நம்மில் எத்தனை பேர்?

இன்னொன்று குழந்தைகளுக்கும் பிடித்தமானது. அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூஉமைர் ஒரு குருவியை வளர்த்து வந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வீட்டிற்கு வரும்போது, அந்தக் குருவி என்னவாயிற்று என்று அவரிடம் கொஞ்சலாக விசாரிப்பார்கள். செய்தி இவ்வளவே. இமாமவர்கள் இதனை ஓரிடத்தில், மக்களிடம் மலர்ந்த முகத்துடன் பழகுதல் என்ற தலைப்பின் கீழ் வைத்தார்கள். பிறிதோரிடத்தில், இன்னாரின் தந்தை என்னும் பொருள்படும் சிறப்புப் பெயரைப் பிள்ளை பெறாத சிறுவனுக்கும் சூட்டலாம் என்ற தலைப்பின் கீழ் வைத்தார்கள். ஹதீஸ் ஒன்றே; கேட்ட கேள்வி வேறு, எனவே சாட்சியாக நிற்கும் சொல்லும் வேறு. முதலாவதற்குச் சாட்சி அந்த விசாரிப்பு. இரண்டாவதற்குச் சாட்சி அபூஉமைர் என்று அழைத்த பெயர் மட்டுமே. பின்வந்த அபுல் அப்பாஸ் இப்னுல் காஸ் (ரஹ்) என்னும் அறிஞர் இதே சிறு செய்தியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை எடுத்துத் தனியாக எழுதினார்கள்.

சில தலைப்புகளில் சாட்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் விழித்திருந்து கல்விப் பேச்சுப் பேசுதல் என்பது ஒரு தலைப்பு. அதன் கீழே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது, தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரவு தங்கிய செய்தி இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் இஷா முடித்து வந்தார்கள், தொழுதார்கள், உறங்கினார்கள், எழுந்தார்கள் என்று போகிறதேயன்றி, விழித்திருந்து உரையாடியதாக அங்கே தெளிவாக இல்லை. தலைப்பு பொருந்தவில்லையே என்று அவசரக்காரர் மூடி வைத்துவிடுவார். ஹாபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் தமது விரிவுரையில் இம்முடிச்சை அவிழ்த்தார்கள். அதே இரவு பற்றிய மற்றோர் அறிவிப்பை இமாமவர்கள் தப்ஸீர் பகுதியில் வைத்துள்ளார்கள். அதில் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியாருடன் சற்று நேரம் பேசியிருந்துவிட்டு உறங்கியது வெளிப்படையாக வருகிறது. தலைப்பு ஓரிடத்தில், அதற்குச் சான்று நெடுந்தொலைவு தள்ளி வேறிடத்தில்! முழுநூலையும் தேடிப் படிக்கட்டும் என்றே இமாமவர்கள் இப்படி வைத்தார்கள் என்பது என் கருத்து.

கொங்குநாட்டில் வாழும் நமக்கு இம்முறை அந்நியமானதன்று. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் இந்நாட்டு நிரம்பையைச் சார்ந்தவர் என்பர். இசையும் கூத்தும் பற்றிப் பேசுமிடத்தில், தாம் எந்நூல்களைக் கொண்டு பொருளுரைக்கிறார் என்று அவர் பெயர் சொல்லியே உரைக்கிறார். துறை வேறு, காலம் வேறு. ஆனால் ஆதாரமின்றிப் பொருள் கூறாத நேர்மை ஒன்றே.

ஸஹீஹுல் புகாரி முழுவதும் இன்று தமிழில் அச்சாகியுள்ளது. வீட்டில் பிள்ளைகளை அமர்த்தி, தலைப்பின் மீது ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டு ஹதீஸை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். இதற்கு நீ என்ன தலைப்பு இடுவாய், எந்தச் சொல்லைக் கொண்டு இடுவாய் என்று கேளுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவு நுணுக்கமாக வாசித்த அப்பெருமகனாருக்கு நேர்ந்தது என்ன தெரியுமா? ஹிஜ்ரி 250இல் நைஸாபூருக்கு வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. குர்ஆனை ஓதுகின்ற நம் உச்சரிப்பு படைக்கப்பட்டதா என்று சபையில் ஒருவர் விடாமல் கேட்டார். குர்ஆன் இறைவனின் பேச்சு, அது படைக்கப்பட்டதன்று. அடியார்களின் செயல்களே படைக்கப்பட்டவை என்பது இமாமவர்களின் நிலை. கேட்டவர்கள் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியைத் தூக்கிக்கொண்டு ஓடினர். குர்ஆனையே படைக்கப்பட்டது என்கிறார் என ஊரெங்கும் பரவிற்று. அந்நகரின் பேரறிஞர் முஹம்மது இப்னு யஹ்யா துஹ்லீ (ரஹ்) அவர்களும் எதிர்த்து நின்றார்கள். சபைகள் கலைந்தன, இமாமவர்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. சொந்த ஊரான புகாராவிலும் நிம்மதியில்லை. ஆளுநர் தம் அரண்மனைக்கு வந்து பாடம் சொல்லுமாறு கேட்க, கல்வியை வாசல் வாசலாகச் சுமந்து செல்ல இமாமவர்கள் மறுத்தார்கள். அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். ஹிஜ்ரி 256இல் (870) நோன்புப் பெருநாள் இரவில், ஸமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் என்னும் சிற்றூரில் அவர்களின் உயிர் பிரிந்தது.

ஆயினும் துஹ்லீ அவர்கள் வாயிலாகக் கிடைத்த ஹதீஸ்களை இமாமவர்கள் தம் நூலிலிருந்து நீக்கவில்லை. முழுப்பெயரைச் சொல்லாமல் குறிப்பிட்டார்கள், அவ்வளவே. மனத்தாங்கல் வேறு, சான்றின் தரம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நூலின் கடைசித் தலைப்பைத் திறந்து பாருங்கள். மறுமையில் நீதித் தராசுகள் வைக்கப்படும், ஆதமின் மக்களுடைய செயல்களும் பேச்சும் அதில் நிறுக்கப்படும் என்பது அங்கே நிறுவப்படும் கருத்து. மனிதனின் பேச்சும் அவன் செயலே என்று, நைஸாபூரில் சொல்லவிடாமல் தடுக்கப்பட்டதை இமாமவர்கள் இங்கே அமைதியாக எழுதிவிட்டார்கள். கீழே சாட்சியாக நிற்பது ஒரேயொரு ஹதீஸ்: நாவுக்கு இலேசானவையும் தராசில் கனமானவையுமான இரு திக்ரு வாசகங்களைப் பற்றியது. அதனோடு நூல் முடிகிறது.