தயிரில் ஆயுளைத் தேடிய மேதை

இரண்டு முறை தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் ஒருவர், பிற்காலத்தில் மனிதகுலம் நீடூழி வாழ வழி தேடினார். அவரே ருஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகாவ்.

இன்று உக்ரேன் நாட்டிலுள்ள கார்க்கோவ் நகரின் அருகே, ஒரு கிராமத்தில் 1845-ம் ஆண்டு அவர் பிறந்தார். முதல் மனைவி க்ஷயரோகத்தால் 1873-ல் காலமானார். துக்கம் தாளாமல் சாகத் துணிந்தார், பிழைத்தார். 1880-ல் இரண்டாம் மனைவி ஓல்கா டைபாய்டு ஜுரத்தில் கிடந்தபோது மீண்டும் துணிந்தார், மீண்டும் பிழைத்தார்.

பிழைத்தது உலகின் பாக்கியம். 1882-ல் சிசிலித் தீவின் மெஸினா நகரில், நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைச் செருகினார். மறுநாள் பார்த்தால், நடமாடும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! நமது இரத்தத்தின் வெள்ளை அணுக்களும் இவ்வாறே நோய்க்கிருமிகளை விழுங்குகின்றன என்று நிலைநாட்டினார். இதற்காக 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பெற்றார்.

1888 முதல் பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்த அவரை முதுமை பற்றிய சிந்தனை பற்றிக்கொண்டது. குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளின் நஞ்சே மூப்புக்குக் காரணம் என்று கருதினார். பல்கேரியக் குடியானவர்கள் புளித்த பாலுண்டு நெடுங்காலம் வாழ்வதாகக் கேள்வியுற்றார். அந்தப் பாலைப் புளிக்க வைக்கும் கிருமியை 1905-ல் ஸ்டாமன் கிரிகோரவ் என்ற பல்கேரிய இளைஞர் கண்டுபிடித்தார். அது குடலில் தங்கி அழுகலைத் தடுக்கும் என்று நம்பிய மெச்னிகாவ், தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். ஐரோப்பாவில் தயிருக்கு மவுசு பிறந்தது. 1916-ல், 71-வது வயதில், இருதய நோயால் அவர் மறைந்தார்.

அக்கிருமி மனிதக் குடலில் நிலைப்பதில்லை என்று பின்னர் தெரிந்தது. அப்படியானால் தயிரின் பெருமை பொய்யா? அதுவும் இல்லை. பால் புளிக்கும்போது, கேசீன் என்னும் புரதத்தைக் கிருமிகள் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. இவையே பெப்டைடுகள். 1995-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், புளித்த பாலில் உள்ள இரண்டு பெப்டைடுகள் எலிகளின் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதாகக் கண்டனர். மனிதரிடம் பலன் சொற்பமே. சில சோதனைகளில் அதுவும் காணவில்லை. கால்சியத்தைப் பிடித்து வைக்கும் வேறு சில பெப்டைடுகள் பல்லுக்கான பூச்சுகளில் சேர்க்கப்படுகின்றன.

ஆகவே தயிர் நல்ல உணவு. அமுதமும் அல்ல, மருந்துக்கு ஈடும் அல்ல. கிருமி குடலில் செய்யும் என்று மெச்னிகாவ் நம்பிய நன்மையில் ஒரு பங்கை, அது பானையிலேயே செய்து முடித்துவிடுகிறது!