போரைப் படமாக்கிய கிரிபித்

ஊமைப் படக் காலத்து அமெரிக்கத் திரையுலகுக்குப் போரைக் காட்டக் கற்றுக்கொடுத்தவர் யாரென்று கேட்டால், டேவிட் வார்க் கிரிபித்தின் பெயரைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். புகழ்ந்து சொல்வதா, நொந்து சொல்வதா என்பதில்தான் வழக்கு.

1875 ஜனவரி 22-ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்து நாட்டுப்புறத்தில் அவர் பிறந்தார். தந்தை ஜேக்கப் கிரிபித், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலங்களின் படையில் கர்னல். மகன் பிறந்தபோது போர் முடிந்து பத்தாண்டு ஆகிவிட்டது. காயம்பட்ட உடலும், தோற்ற படையின் வீரக் கதைகளுமே அவரிடம் மிஞ்சியிருந்தன. அந்தக் கதைகளே பிள்ளைக்குக் கிடைத்த பிதிரார்ஜிதம். பத்து வயதில் தந்தை மறைந்தார். குடும்பம் வறுமைப்பட்டு லூயிவில் நகருக்குப் பெயர்ந்தது. பையன் கடைகளில் வேலை பார்த்தான். வளர்ந்த பின் நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராக அலைந்தான்.

நடிப்பிலும் நாடகம் எழுதுவதிலும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. 1908-இல் நியூயார்க் பயோகிராப் நிறுவனத்தில் படம் எடுக்கத் தொடங்கினார். ஐந்தே ஆண்டில் நானூறுக்கு மேற்பட்ட குறும்படங்கள்! அண்மைக் காட்சி, இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டுவது ஆகிய உத்திகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. ஆனால் அவற்றைக் கதை சொல்லும் மொழியாக இணைத்தவர்களில் தலையாயவர் அவர். 1911-இல் எடுத்த 'தி பேட்டில்' படத்திலேயே, போருக்கு அஞ்சிக் காதலியின் வீட்டுக்கு ஓடிவரும் வீரன் பிறகு வெடிமருந்து கொண்டுவந்து மானத்தை மீட்கிறான்.

1915-இல் வந்தது 'ஒரு தேசத்தின் பிறப்பு'. ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம். திரையின் மூலையில் சிறு வட்டத்துக்குள் ஒரு தாய் குழந்தைகளை அணைத்தபடி அழுகிறாள். வட்டம் மெல்ல விரிகிறது. கீழே பள்ளத்தாக்கில் ஷெர்மனின் படை ஊர்ந்து செல்கிறது. போரையும் அதன் விலையையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிய காட்சி அது. தோற்ற வீரன் வீடு திரும்புகையில் கதவுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு அவனை அணைக்கிறது. தாயின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை.

நண்பர்களே, இத்தனை நயமும் எதற்குப் பயன்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். படத்தின் பிற்பகுதியில், முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் கறுப்பு மக்களைக் கொடியவர்களாக நடித்துக் காட்டுகிறார்கள். கூ கிளக்ஸ் கிளான் என்னும் கொலைகாரக் கூட்டம் மீட்பர் படையாகக் குதிரையேறி வருகிறது. 1909-இல் தோன்றிய கறுப்பு மக்கள் முன்னேற்றச் சங்கம் நகருக்கு நகர் எதிர்த்துப் போராடியது. மடிந்து கிடந்த கிளான் அதே 1915-இல் ஜார்ஜியாவில் மீண்டும் எழுந்தது; பின்னர் ஆள் சேர்க்க இப்படத்தைக் காட்டியது. கிரிபித்தோ தம் கருத்துரிமை பறிபோகிறது என்றே முறையிட்டார்.

1917-இல் பிரிட்டிஷ் அரசின் ஆதரவோடு பிரான்சுப் போர்முனைக்குச் சென்றார். அங்கே அவர் எதிர்பார்த்த கொடியும் குதிரையும் இல்லை. சேறும் பதுங்குகுழியும்தான். நிஜப் போர் படத்துக்கு உதவாது என்று கண்டார் போலும். 'உலகின் இதயங்கள்' படத்தின் பெரும்பகுதியை இங்கிலாந்திலும் கலிபோர்னியாவிலுமே எடுத்தார். 1918-இல் வெளிவந்த அதில் ஜெர்மானியர் வெறும் அரக்கர்கள்.

ஆறே ஆண்டில் அதே ஜெர்மனிக்குக் காமிராவோடு போனார். 1924-இல் வந்த 'வாழ்க்கை இனிதல்லவா' படத்தில் போர்க்களமே இல்லை. பெர்லினில் பசித்திருக்கும் ஓர் அகதிக் குடும்பம். பாடுபட்டு விளைவித்த உருளைக்கிழங்கு வண்டியை, தம்மைப் போலவே பட்டினி கிடப்பவர்களிடம் பறிகொடுக்கும் இளம் இணை. என் கணிப்பில் கிரிபித் எடுத்த உண்மையான போர்ப்படம் இதுதான். வசூலில் தோற்றது.

பேசும் படத்தில் அவர் நிலைக்கவில்லை. 1931-க்குப் பின் ஒரு படமும் இயக்கவில்லை. 1948 ஜூலை 23-ஆம் நாள், ஹாலிவுட் விடுதியொன்றில் தனியே தங்கியிருந்த காலத்தில், மூளை இரத்தக் கசிவால் இறந்தார். 1953-இல் அமெரிக்க இயக்குநர் சங்கம் தன் உயரிய விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1999-இல் அப்பெயரை எடுத்துவிட்டது.